மேல்மாடி டாக்டரம்மா

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அங்கி போடுவதற்குப் பல வருஷம் முன்பே சித்தூரில் எங்கள் தெருவில் என் பெயர் சின்ன ஐயர். அம்மா செய்த பொருத்தனைதான் அதற்குக் காரணம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து, பிழைப்பது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அம்மா வராந்தாவில் மண்டியிட்டு, இந்தப் பிள்ளையை உயிரோடு கொடுத்தால் உம்முடைய ஊழியத்துக்கே விட்டுவிடுகிறேன் என்று ஜெபித்தாள். நான் பிழைத்தேன். அடுத்த ஞாயிறே சபை நடுவில் எழுந்து நின்று நடந்ததைச் சாட்சியாகவும் சொல்லிவிட்டாள். அதன் பிறகு அது எங்கள் வீட்டு விஷயமாக இல்லை, சபையின் விஷயமாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைப் பெரியவனானால் என்ன ஆவாய் என்று கேட்பார்கள். என்னை யாரும் கேட்டதில்லை. மாந்தோப்பில் கல்லெடுத்தால், "ஐயராவப் போறவன் கல்லெடுக்கலாமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எனக்கு அது பாரமாக இருந்தது என்று சொல்ல முடியாது. பிறந்த ஊர், படித்த பள்ளி மாதிரி அதுவும் முன்கூட்டியே முடிவான ஒன்று, அவ்வளவுதான். நைனா மட்டும், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அந்தப் பொருத்தனையைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அவர் அரசு பஸ் டிரைவர். சித்தூர் திருப்பதி தடம். ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி இல்லாவிட்டால் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார், ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார்.

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் ஊழியத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குத் திருப்பதிக்கு வரச் சொன்னார்கள். சபை மூப்பர்கள் சேர்ந்து பிரயாணத்துக்கு ஜெபித்து அனுப்பினார்கள். அங்கே போனால் வேதாகமப் பரீட்சை, ஒரு சிறு பிரசங்கம், பெரியவர்கள் முன் நேர்காணல் என்று வழக்கமானவை எல்லாம் இருந்தன. அவற்றோடு அந்த வருஷம் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். மனநல ஆலோசகர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார் என்றார்கள்.

வந்திருந்த பையன்களுக்குள் பயம் பரவிவிட்டது. படம் வரையச் சொல்வார்கள், மரம் வரைந்தால் வேர் கண்டிப்பாகப் போட வேண்டும், வேர் இல்லாவிட்டால் நிலையில்லாத புத்தி என்று எழுதிவிடுவார்கள் என்று ஒருவன் எங்கிருந்தோ கேட்டு வந்து சொன்னான். சொன்னது போலவே மரம் வரையச் சொன்னார்கள். நான் போட்ட வேரில் மரமே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் ஒரு படி மேலே போய், வேருக்குக் கீழே தண்ணீரும் வரைந்து வைத்தான்.

ஆலோசகரை, அவர் அறையை விட்டு வெளியே வந்தபோதுதான் முதலில் பார்த்தோம். என்னைவிடச் சில வயது மூத்த பெண். பருத்திப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. நகரியில் தறி ஓட்டுகிற குடும்பத்தைச் சேர்ந்த தமிழ்ப் பெண் என்று பிறகு தெரிந்தது. தேர்வுக் குழுவில் இருந்த மூப்பர் ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் காதில் விழும்படியே, "பொட்டு வெச்ச அம்மாவா நம்ம ஐயர்மாரை எடுக்கப்போறாங்க?" என்றார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "உங்க விசுவாசத்த நான் பாக்கலீங்க. அத நீங்க பாத்துக்கங்க. இவங்க நல்லா தூங்கறாங்களா, கோவம் வந்தா இன்னா பண்றாங்க, மத்தவங்க கஷ்டத்த நாள் முழுக்க கேட்டுட்டு வந்தா இவங்களால தாங்க முடியுமா, அத மட்டுந்தான் நான் பாப்பேன்" என்றார். மூப்பருக்குப் பக்கத்தில் இருந்த பேராயரின் உதவியாளர் தெலுங்கில், "அதி கூடா காவாலி கதா, அய்யா," அதுவும் வேண்டியதுதானே என்று சொல்லி முடித்துவைத்தார்.

என் முறை வந்தது. அறைக்குள் நுழைந்ததும், "குட் மார்னிங் டாக்டர்" என்றேன்.

"நான் டாக்டர் இல்லீங்க. மருந்து எழுத மாட்டேன். உக்காருங்க."

பசி எடுக்கிறதா, நண்பர்கள் யார், கடைசியாக யாரோடு சண்டை போட்டேன் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். எதற்காக இந்த ஊழியம் என்று கேட்டபோது நான் தயாராக இருந்தேன். மூளைக்காய்ச்சல், ஆஸ்பத்திரி வராந்தா, பொருத்தனை எல்லாவற்றையும் சாட்சிக் கூட்டத்தில் சொல்வதுபோல ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"இது உங்க அம்மா கதை. நல்ல கதை. உங்க கதை எங்க இருக்குது?"

எனக்குப் புரியவில்லை.

"உங்களுக்கு அந்த ஜுரம் வரவே இல்லைன்னு வெச்சுக்கங்க. அம்மா எதுவும் வேண்டிக்கல. இப்ப நீங்க இன்னா பண்ணிக்கினு இருப்பீங்க?"

எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம் செய்து போயிருந்தேன். இதற்கு ஒன்றும் இல்லை. பஸ் ஓட்டியிருப்பேனோ என்று ஒரு நினைப்பு வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசியில், "தெரியலீங்க" என்றேன். அந்தத் தேர்வில் நான் யோசித்துச் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

முடிவு வந்தது. என்னைத் தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வேறு ஒரு வேலை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் விருப்பம் இருந்தால் மறுபடி வரட்டும் என்று ஆலோசகர் பரிந்துரை செய்திருந்தார். குழுவும் ஒப்புக்கொண்டுவிட்டது.

நைனா, "வேலதான பாக்க சொல்றாங்க, பாரு" என்று சொல்லிவிட்டு ட்யூட்டிக்குப் போனார். அம்மா இரண்டு நாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அவள் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை செய்பவள். சீசன் உச்சத்தில் இருந்தும் லீவு போட்டாள். மூன்றாம் நாள் காலையில் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, "கிளம்பு. அந்தம்மாவ நான் பாக்கணும்" என்றாள்.

அந்த அம்மாள் அப்போது திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்ற எங்களை வெளியே அனுப்பியிருக்கலாம். நோயாளிகள் முடியும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டு, பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டார். என்னையும் கூடவே உட்காரச் சொன்னார்.

அம்மா சுற்றி வளைக்கவில்லை. "என் பொருத்தனைய ஆண்டவரு ஏத்துக்கலன்னு சொல்றியாம்மா?"

"அதச் சொல்ல நான் யாரும்மா? அது உங்களுக்கும் உங்க சாமிக்கும் நடுவுல இருக்கறது." பிறகு தன் வீட்டுக் கதையைச் சொன்னார். "எங்கம்மாவும் எனக்காக மலைக்கு வேண்டிக்கினாங்க. எனக்கு மொட்ட போட்டாங்க. முடி மறுபடி வளந்துடுச்சு. உங்க பையன் குடுக்கறது முடி இல்லம்மா. ஆயுசு. அது திரும்ப வளராது. நீங்க குடுத்துட்டீங்க, சரி. இன்னும் அவரு குடுக்கல. அதுக்குத்தான் டைம் கேட்டேன்."

அந்த அம்மாள் மெதுவாக இன்னொன்று கேட்டார்.

"இவருக்கு இப்ப ஜுரம் வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

அவ்வளவுதான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்குச் சாதாரண சளி பிடித்தால்கூட அவள் தூங்குவதில்லை, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கைவைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். நான் ஐயராகாவிட்டால் கொடுத்த உயிரை ஆண்டவர் திரும்ப வாங்கிக்கொள்வார் என்ற பயம் இருபது வருஷத்துக்கும் மேலாக அவளுக்குள் இருந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. சபையில் எல்லோரும் அவளை விசுவாச வீராங்கனை என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள், அவர்களிடம் எப்படிச் சொல்வாள்?

அந்த அம்மாள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். அம்மா அழுது முடிக்கும்வரை அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும் வழியில் அம்மா ஜன்னலோரம் சாய்ந்து சந்திரகிரி வருவதற்குள் தூங்கிவிட்டாள். பஸ்ஸில் தூங்கி நான் பார்த்தே இராத அம்மா அவள்.

எனக்கும் திருப்பதியிலேயே வேலை கிடைத்தது, வேறொரு ஆஸ்பத்திரியில். தமிழ்நாட்டிலிருந்து வருகிற நோயாளிகளுக்கு வழிகாட்டுவதும், டாக்டர் தெலுங்கில் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. இரண்டு மொழியும் வாயில் புரண்டதால் எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே எங்கே, ரத்தம் கொடுப்பது எங்கே, காண்டீனில் சாம்பார் இருக்குமா என்று நாள் முழுக்க இதே பேச்சு. அங்கே யாருக்கும் நான் சின்ன ஐயர் இல்லை. சந்தோஷமாக இருந்தது. இதிலேயே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் அரக்கோணம் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியைச் சேர்த்திருந்தார். ஆபரேஷன். கையெழுத்து வாங்கி, அவரை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் கிளம்பினேன். அவர் என் சட்டை நுனியைப் பிடித்தார்.

"கொஞ்சம் உக்காருங்க தம்பி. ஒண்ணும் பேச வேணாம்."

உட்கார்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அவரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை. அவர் கையில் திருமலைக் கயிறு கட்டியிருந்தது. நான் என் மனதுக்குள் ஜெபித்தேன், அவர் அவருக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். மதியம் முழுக்க அப்படியே போயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் ஓடிப்போய் மனைவியைப் பார்த்தார். என்னை மறந்தே போனார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மறுநாள் எனக்கு வார லீவு. ஆனாலும் காலையில் எழுந்ததும் அந்த நாற்காலி வரிசைக்குப் போக வேண்டும் என்று கால் பரபரத்தது. இப்படி உட்கார்ந்திருப்பதையே வேலையாகச் செய்ய முடியுமா என்று யோசித்தபோதுதான், அப்படி ஒரு வேலை இருக்கிறது, அதற்கு நான் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறேன் என்பது உறைத்தது. தனியாக நின்று சிரித்துவிட்டேன்.

அம்மாவிடம் போய், "நானா போறேம்மா" என்றேன். அவள், "யோசிச்சுதான் சொல்றியா?" என்று கேட்டாள். பொருத்தனை செய்த வாய் அதைக் கேட்டது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

அடுத்த தேர்வில் அதே அம்மாள் இருந்தார். மரம் வரையச் சொன்னார். சித்தூர் பக்கத்து மாமரம் ஒன்றை என் இஷ்டத்துக்கு வரைந்தேன். வேர் போட்டேனா என்று நினைவில்லை. இந்த முறை என்னை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு இறையியல் கல்லூரி, குருப்பட்டம், கல்யாணம். என் மனைவி நர்ஸ். குப்பத்தில் கொஞ்ச காலம், புத்தூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, சில வருஷங்களுக்கு முன்பு திருப்பதியில் ஒரு சபைக்கு மாற்றலாகி வந்தோம். காலையில் தெலுங்கு ஆராதனை, அடுத்தது தமிழ் ஆராதனை. தமிழுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டல்களிலும் ஸ்ரீசிட்டி கம்பெனிகளிலும் வேலை பார்க்க வந்தவர்கள். ஊரில் உள்ள அப்பா அம்மாவுக்கு முடியவில்லை, கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், குழந்தைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்று எல்லாவற்றுக்கும் என் போன்தான் அடிக்கும். நான் நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தேன். நைனா சாகும்வரை.

ரிட்டயர் ஆகிச் சித்தூரில் இருந்தவர். நெஞ்சுவலி என்று சொன்ன அன்றைக்கே போய்விட்டார். அடக்கத்தை நடத்த வேண்டிய போதகர் வழியில் வண்டி பழுதாகி வர முடியாமல் போக, கூட்டம் காத்துக்கொண்டிருக்க, நானே அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டேன். எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தைகள். பிசகில்லாமல் சொன்னேன். மண் போட்டேன். அம்மாவைத் தேற்றினேன். வந்தவர்கள் எல்லோரும், "எவ்வளவு திடமா நின்னாரு பாரு" என்றார்கள். அடுத்த ஞாயிறு திருப்பதியில் இரண்டு ஆராதனையையும் நடத்தினேன்.

அதன் பிறகு எனக்குள் ஏதோ நின்றுபோயிற்று. அழுகை வரவில்லை என்பது மட்டும் இல்லை, சிரிப்பும் வரவில்லை. பிரசங்கம் தானாக வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும், நான் எங்கேயோ நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஒரு நாள் மனைவி தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க என்கூட பேசறதும் ஜெபக்கூட்டத்துல பேசற மாதிரியே இருக்குது. எனக்கு ஐயர் வேணாம். வூட்டுக்காரர் எங்க?"

எங்கள் பேராயத்தில் அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. எந்தப் போதகரும் ஆலோசகரிடம் போகலாம், என்ன பேசினார் என்பது அலுவலகத்துக்கு வராது என்று பேராயரே கூட்டத்தில் சொல்லியிருந்தார். கேட்டபோது தலையாட்டினேன், அது வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு. ஆலோசகர் யார் என்று விசாரித்தால், அதே அம்மாள். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக அறை எடுத்திருந்தார். அந்தக் கட்டடத்தின் முதல் மாடியில் பல் டாக்டர் இருந்தார்.

என்னை அங்கே கொண்டுபோய் இறக்கியது எங்கள் சபையைச் சேர்ந்த ஆட்டோக்காரர். போர்டைப் பார்த்துவிட்டு, "பல்லா ஐயரே?" என்றார். நான் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு இறங்கினேன். நான் சொன்னது எதுவும் இல்லை, அவராகவே முடிவுசெய்துகொண்டார். அந்த வாரத்து வீட்டு ஜெபத்தில் என் பல்லுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள்.

அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அம்மா தூங்கறாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு நைனாவின் அடக்கத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க யாரா நின்னுக்கினு இருந்தீங்க?"

"ஐயரா."

"புள்ளையா எப்ப நின்னீங்க?"

"நிக்கல."

அதை ஒரு குறையாக அவர் சொல்லவில்லை. அன்றைக்கு வேறு வழி இல்லை என்பதையும் ஒத்துக்கொண்டார். பிறகு, சாவைப் பற்றியே பேசாமல், "உங்க நைனா பஸ் ஓட்டறப்போ எப்படி ஓட்டுவாரு?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்க்காத விஷயம். சின்ன வயதில் அவர் பஸ்ஸில் போகும்போது பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். மலையிலிருந்து மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். வரிசையில் நின்று களைத்துப்போனவர்கள், பஸ் கிளம்பியதும் தூங்கிவிடுவார்கள். நைனா அவர்களைக் கண்ணாடியில் பார்ப்பார். திருப்பம் வந்தால் வேகத்தைக் குறைத்து, அந்த மொட்டைத் தலைகள் ஜன்னல் கம்பியில் இடிக்காதபடி வண்டியைத் திருப்புவார். பின்னால் வருகிற லாரி ஹார்ன் அடித்தால், "தூங்கறாங்கடா" என்று முணுமுணுப்பார். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த மனிதர், வேறு சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்களின் தூக்கத்தை அப்படிக் காத்தார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் உடைந்தது. சத்தம் போட்டு அழுதேன். கீழே பல் பிடுங்குகிறவருக்குக் கேட்டிருக்கும்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பல மாதம் போய்க்கொண்டிருந்தேன். சில நாள் பேச ஒன்றுமில்லாமல் திரும்பினேன். ஒருமுறை அவர் கேட்ட ஏதோ ஒன்று எனக்குப் பிடிக்காமல் கோபமாக எழுந்து வந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது, "நான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்" என்று அவரே சொன்னார். இடையில் சித்தூருக்குப் போய், நண்பரான ஒரு போதகரை ஜெபிக்கச் சொல்லிவிட்டு, வெறும் சட்டை வேட்டியோடு அம்மா பக்கத்தில் நைனாவின் கல்லறையில் நின்றேன். அங்கி இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா பிடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் பல்வலி சபை முழுக்கப் பரவியிருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு அம்மாள் கைப்பையிலிருந்து கிராம்புத் தைலம் எடுத்து நீட்டினார்.

"பஞ்சுல நனைச்சு வெச்சுக்கங்க ஐயரே. எத்தினி மாசமா கஷ்டப்பட்டுக்கினு இருக்கீங்க. அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல போல."

நான் வாங்கப்போனேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, காய்கறி விலை சொல்வதுபோல அமைதியாகச் சொன்னாள்.

"பல்லு இல்லீங்கம்மா. மனசு. மாமா செத்ததுல இருந்து சரியில்ல. அதே பில்டிங்ல மேல்மாடி டாக்டரம்மாகிட்ட போய்க்கினு இருக்காரு. இப்ப தேவல."

வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஆட்டோக்காரரும் இருந்தார். எனக்குக் காது சூடேறிற்று. அந்த அம்மாள் கிராம்புத் தைலத்தை மெல்லப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, "அதுக்கும் டாக்டர் இருக்கறது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இன்னா பண்ணிட்ட நீ" என்றேன்.

"சுகர்னா சொல்வீங்க. பி.பி.ன்னா சொல்வீங்க. இத ஏன் சொல்லக்கூடாது? நான் நர்ஸு, எனக்குப் பொய் வியாதி பேர் சொல்ல வராது."

மறுநாள் மாலை சபைச் செயலர் வீடு தேடி வந்தார். தெலுங்குக்காரர், பாங்கில் மானேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் முறைப்படி செய்கிறவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கமிட்டியில் பேசியிருப்பார்கள், மாற்றல் கேட்கச் சொல்வார்கள் என்று நான் மனதைத் தயார்செய்துகொண்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சொன்னார்.

"பாஸ்டர்காரு, நேத்து பேசினோம். பாங்க்ல எங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு. உங்களுக்கு ஞாயிறுதான் பெரிய வேலை. அப்புறம் உங்க லீவு எப்பன்னு ஒருத்தர் கேட்டார். எங்க யாருக்கும் பதில் தெரியல. இனிமே சோமவாரம், திங்கட்கிழமை, உங்களுக்கு யாரும் போன் பண்ணக்கூடாதுன்னு முடிவு பண்ணிருக்கோம். அவசரம்னா எனக்கு பண்ணட்டும். நான் பாத்துக்கறேன்."

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். நான் கதவருகிலேயே வெகுநேரம் நின்றேன்.

அந்த முடிவை அவர் ஆராதனையில் அறிவிப்பாகவே வாசித்தார். ஜனங்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்கள். முதல் திங்கட்கிழமை என் போன் அடிக்கவே இல்லை, கெட்டுவிட்டதோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஓட்டலில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் என் மனைவிக்குப் போன் செய்து, "ஐயருக்கு சொல்லாதீங்க ஐயரம்மா, புள்ளைக்கு ஜெபம் மட்டும் பண்ணிக்கங்க" என்றாளாம். மனைவி அதை என்னிடம் செவ்வாய்க்கிழமைதான் சொன்னாள். திங்கட்கிழமைகளில் நாங்கள் ரேணிகுண்டாவில் ரயிலேறிப் புத்தூர் வரை போய், டிபன் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்புவோம். ஒரு வேலையும் இல்லாமல் போய் வருவது எவ்வளவு சுகம் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது.

ஆட்டோக்காரர் பிறகு தன் தம்பியை அந்த மேல்மாடிக்கு அழைத்துப்போனார். குடியை விட முடியாமல் தவித்த தம்பி. இன்னும் சிலரும் போனார்கள் என்று தெரியும். யார் யார் என்று நான் கேட்டதில்லை, ஆலோசகர் அம்மாளும் சொன்னதில்லை.

போன வருஷம் அவர் திருப்பதியை விட்டுக் கிளம்பினார். கணவருக்கு வேறு ஊரில் வேலை. போவதற்கு முன் நானும் மனைவியும் பார்க்கப் போனோம். அறையில் அட்டைப் பெட்டிகள் கட்டிவைத்திருந்தார். உட்கார இரண்டே நாற்காலிதான் பாக்கி. நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"எங்க ஆளுங்க கூப்பிட்டப்போ நீங்க ஏன் ஒத்துக்கினீங்க?" என்று கேட்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

"நெஜத்த சொல்லட்டா? பைத்தியக்காரங்கள வடிகட்டி எடுக்கத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். வந்து பாத்தா நல்ல புள்ளைங்க. நல்ல புள்ளைங்கள நாலு பேர் சேந்து எப்படி அமுக்கிட முடியும்னு இங்கதான் பாத்தேன். சரி, வேல இருக்குதுன்னு இருந்துட்டேன்."

கிளம்பும்போது, "ஒரு ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

அவர் சிரித்தார். "பண்ணுங்க. சின்னதா. லாரிக்காரன் வந்துடுவான்."

மூவரும் எழுந்து நின்றோம். அவர் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மணிக்கணக்கில் ஜெபித்துப் பழகிய வாய் எனக்கு. ஆண்டவரே, இந்த அக்காவுக்காக உமக்கு நன்றி என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அம்மாவின் தூக்கம், அரக்கோணத்துக்காரரின் பக்கத்து நாற்காலி, நைனாவின் திருப்பங்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. என் மனைவி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளே, போகிற ஊரில் நல்ல தண்ணீரும் நல்ல அக்கம்பக்கமும் கிடைக்கட்டும் என்று கேட்டு, ஆமென் சொல்லி முடித்தாள்.

கீழே லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கினேன்.